மூன்றே முக்கால் அவுன்ஸ் எஃகு

செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் நீதிமன்றத்துக்குப் போவேன். எனக்கு வழக்கு எதுவும் கிடையாது. மற்ற விதவைகள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் அடுத்தவர் குடும்பச் சண்டையைப் பார்க்கிறார்கள். நான் அதையே நேரில் பார்க்கிறேன், விளம்பர இடைவேளை இல்லாமல். விவாகரத்து, தடை உத்தரவு, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பஞ்சாயத்து, எல்லாம் எங்கள் மாவட்டத்தில் செவ்வாயன்றுதான். பின்னல் ஊசியை வாசலில் விடமாட்டார்கள் என்பதால் குறுக்கெழுத்துப் புத்தகம் எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவேன்.

வாசலில் விடமாட்டார்கள் என்றால் மெர்ல் ஸ்ட்ரௌட் விடமாட்டார் என்று அர்த்தம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், எழுபத்தொரு வயது. உலோகம் கண்டுபிடிக்கும் அந்தக் கதவுச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர்களின் உடம்பில் எந்த உலோகம் எங்கே இருக்கிறது என்பது டாக்டருக்கு அடுத்தபடி மெர்லுக்குத்தான் தெரியும். தபால்காரர் க்ளெமுக்கு இரண்டு முழங்காலும். பாதிரியார் மனைவிக்குத் தோளில் ஆறு திருகாணி. ஏணியிலிருந்து விழுந்தாள் என்பது அதிகாரபூர்வமான கதை.

அந்தச் சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் கணுக்காலிலிருந்து தலை உயரம் வரை வரிசையாக விளக்குகள் உண்டு. உலோகம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் சிவப்பு எரியும், கூடவே கத்தும். கத்தினால் அந்த ஆளைக் கைக்கருவியால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மெர்ல் கைக்கருவியால் தன் முதுகைச் சொறிந்துகொள்வார். "முழங்கால் ரெண்டும் சௌக்கியமா க்ளெம்? போ போ" என்பார். யாரும் குறை சொன்னதில்லை. தெரிந்தவனைத் தடவிப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

நான் அந்த விளக்குகளைப் படிப்பேன். வரிசையில் நிற்கும்போது வேறென்ன வேலை? யாருக்கு எங்கே எரிகிறது என்று பார்த்துப் பார்த்து, மெர்லுக்குச் சமமாக எனக்கும் ஊர் உடம்பு மனப்பாடம்.

இனி கிர்பி லான்ட்ஸ். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன், முப்பத்து நான்கு வயது, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கு அடுக்காகப் பொருள் செய்கிற ப்ரின்டர் ஒன்று அவனுடைய கார் கொட்டகையில் இருந்தது. முதலில் சோப்புப் பெட்டி செய்தான். பிறகு நாய்க்குத் தட்டு. பிறகு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. அதற்கு மூக்கு வரவில்லை. போன வருடத்துக்கு முந்தைய ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தின விடுமுறையில், தெருவே அவன் பின்கட்டில் சாஸேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, உள்ளே போய் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தான். சாம்பல் நிறம். பொம்மைக் கடையில் கிடப்பது போலவே இருந்தது.

"நானே செஞ்சது. ஒரு தடவைக்கு ஒரு குண்டு" என்றான். "இதுக்குள்ள ஒரு கட்டி எஃகு வச்சிருக்கேன். மூணே முக்கால் அவுன்ஸ். டீனா மாவு நிறுக்கிற தராசுல நிறுத்து வச்சேன்."

"அதுக்கப்புறம் அந்தத் தராச நான் மூணு தடவ கழுவினேன்" என்றாள் அவன் மனைவி டீனா.

"குண்டு வேகமாப் போறதுக்கா அந்தக் கட்டி?" என்று கேட்டேன்.

"குண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல மிஸஸ் வோஸ்லர். சட்டம் கேக்குது. வெறும் பிளாஸ்டிக்னா, உள்ள ஒத்தக் குண்டு இருந்தாக்கூட, கோர்ட்டு வாசல் மெஷினுக்கு, ஏர்போர்ட் மெஷினுக்கு எதுக்கும் தெரியாது. அப்படித் தெரியாத துப்பாக்கியச் செஞ்சா மத்திய அரசுல அஞ்சு வருஷம் உள்ள தள்ளுவான். அதான் இரும்ப வச்சு, பசையை ஊத்தி அடைச்சுட்டேன்."

அடுத்த வீட்டு டாயில் ஹாட்சர் அதை வாங்கி உள்ளங்கையில் போட்டுத் தூக்கிப் பார்த்தார். ஆறடி இரண்டு அங்குல மனிதர், லாரியிலிருந்து விழுந்து இடது இடுப்பை மாற்றிக்கொண்டவர்.

"அப்போ பூனைக்கு நீயே மணியும் கட்டி விட்டிருக்க."

"அதேதான் டாயில்."

"மணி கட்டின பூனை எங்கயாச்சும் எலி புடிக்குமாடா?"

எல்லோரும் சிரித்தோம். டாயிலின் மனைவி நோரீன் மட்டும் சோளக்கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பாள். வீட்டில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. துப்பாக்கி கொட்டகைக்குத் திரும்பிப் போய், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்தது. கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. எங்கள் தெருவில் யார் பூட்டுகிறார்கள்?

அடுத்த ஜனவரியில் டாயில் நோரீனின் மணிக்கட்டை உடைத்தார். பனியில் வழுக்கியது என்றாள். மாவுக்கட்டோடு பேருந்தும் ஓட்டினாள். இரண்டாவது தடவை அடி விழுந்தபோது டீனா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், பெண்களுக்கான ஒரு விடுதியில் விட்டுவந்தாள். நான் திரைச்சீலை விலக்கிப் பார்த்தேன். ஒரு பெட்டியும் ஒரு தலையணையும் போயின.

நீதிபதி தடை உத்தரவு போட்டார். டாயில் அவள் பக்கமே வரக்கூடாது, வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது. காவலர்கள் பட்டியலோடு வந்தார்கள். டாயில் முன்புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றும் வெளியே வரும்போது பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் போல ஒரு வார்த்தை சொன்னார். "அது எங்கப்பாவோடது, எண்ணெய் போட்டு வைங்கடா." மொத்தம் பதினான்கு. கிர்பியின் பிளாஸ்டிக் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய். தடை உத்தரவை நீட்டிப்பதா என்று விசாரணை, ஒன்பதரைக்கு. நான் ஒன்பது பத்துக்கே வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் டாயில், சர்ச்சுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டில். சாவி, பெல்ட், சில்லறை எல்லாம் தட்டில் போட்டுவிட்டு நடந்தார். இயந்திரம் கத்தியது.

"மொதல்ல இடுப்பு வந்துடுச்சு, பின்னாலயே டாயிலும் வரான்" என்றார் மெர்ல். "மீன் பிடிக்கப் போனியா?"

"இன்னும் ஐஸ் உருகல மெர்ல்."

"சரி போ."

இடுப்பு உயரத்தில் சிவப்பு எரிந்தது. அது எப்போதும் எரிவதுதான். அதற்கு மேலே, நெஞ்சு உயரத்தில், இடது பக்கம், இன்னொன்றும் எரிந்தது. மெர்ல் டாயிலின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று பிறகு பலர் கேட்டார்கள். ஓடியது இதுதான்: ஓ, டாயிலுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள், ஊரில் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

டாயில் மாடிக்குப் போனார். நான் கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே காபிக் கடை வைத்திருப்பது பெக், மெர்லின் மனைவி, எனக்கு நாற்பது வருடத் தோழி.

"பெக்கு, கேட்டியா சேதி? டாயிலுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர்!"

"யாருடி சொன்னா?"

"உன் புருஷனோட மெஷினே சொல்லிச்சு. நெஞ்சுகிட்ட செவப்பா எரியுது."

"இதயமே இல்லாதவனுக்கு எதுல கொண்டுபோயி மாட்டினாங்களாம்?"

நாங்கள் சிரித்தோம். அவள் எனக்கு இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்று எடுத்து வைத்தாள். அதே பேச்சைக் கொஞ்சம் மாற்றி மாற்றி மறுபடி சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மேலே சத்தம் கேட்டது. யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல. ஒரே ஒரு தடவை.

நோரீன் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டீனா அவளை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போயிருந்தாள். குண்டு கழுத்தில் பட்டது. கிர்பி செய்த பிளாஸ்டிக் துப்பாக்கி டாயிலின் கையிலேயே வெடித்துச் சிதறி இரண்டு விரலைக் கொண்டுபோனது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நோரீன் போய்விட்டாள். அன்று மாலை அவளுடைய பேருந்தை வேறொருவர் ஓட்டினார். ஒரு பிள்ளையும் சத்தம் போடவில்லையாம்.

மத்திய அரசு ஆட்கள் இரண்டு நாள் மண்டியிட்டுத் தாழ்வாரத்தைப் பெருக்கினார்கள். பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டார்கள். கட்டி இருக்க வேண்டிய பள்ளம் கிடைத்தது, உள்ளே பசை ஒட்டியிருந்தது. கட்டி கிடைக்கவில்லை. வெடித்ததில் எங்கேயாவது தெறித்திருக்கும் என்றான் கிர்பி. வெறும் பசையைக் காட்டி ஏமாற்றுகிறான், எஃகை அவன் வைக்கவே இல்லை என்றார் அரசு வக்கீல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கோடு கிடந்த டாயிலிடம் கேட்டார்கள். கிர்பியின் கொட்டகையில் திருடியதை ஒப்புக்கொண்டார், சுட்டதை ஒப்புக்கொண்டார். "இரும்பா? அந்த மாதிரி எதையும் நான் பாக்கல" என்றும் சொன்னார். நோரீனை ஏற்றிக்கொண்டு போன டீனாவின் கார் அவருக்கு மறந்திருக்காது.

மெர்ல் வாக்குமூலம் கொடுத்தார். ஒரே ஒரு விளக்கு, இடுப்பில். கேமராவில் சத்தம் பதிவதில்லை. டாயிலின் அகன்ற முதுகு கதவுச் சட்டத்தையே மறைத்திருந்தது. அந்தப் பழைய இயந்திரத்துக்கு ஞாபகசக்தியும் கிடையாது. ஆக, எஃகு இருந்ததா இல்லையா என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி, நெஞ்சு உயரத்து விளக்கு எரிந்ததா இல்லையா என்பதுதான். எரியவில்லை என்றால் கிர்பிக்கு ஐந்து வருடம்.

வரிசையில் அடுத்து நின்றவள் என்பதால் என்னையும் கேட்டார்கள்.

"கத்திச்சு. அவருக்கு இடுப்பு மாத்தியிருக்கு" என்றேன்.

"வேற ஏதாவது கவனிச்சீங்களா மேடம்?"

"இல்ல."

என் வாழ்நாளில் யாராவது "வேறு ஏதாவது" என்று கேட்டு நான் இல்லை என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

ஊருக்கும் அந்த "இல்லை" சௌகரியமாக இருந்தது. இயந்திரத்துக்கே தெரியாத துப்பாக்கி வந்துவிட்டது, மனிதன் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மெர்லின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். கிர்பியின் வேன் கண்ணாடியில் யாரோ முட்டை அடித்தார்கள். ஜாமீனுக்காகக் காலில் மாட்டிய மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடு அவன் அதைக் கழுவுவதை நான் சன்னலிலிருந்து பார்த்தேன். காய்ந்த முட்டை லேசில் போகாது. ஒரு மணி நேரம் தேய்த்தான்.

அந்த வாரமே பெக் வந்தாள். கையில் ஓவனில் வைத்துச் சுட்ட நூடுல்ஸ் பாத்திரம், மேலே அலுமினியத் தாள், அடியில் அவள் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். எங்கள் ஊரில் இழவு வீட்டுக்குத்தான் அதைக் கொண்டுபோவோம்.

"என் வீட்டுல யாரும் சாகல பெக்கு."

"சும்மா சாப்பிடு. மெலிஞ்சு போயிட்ட."

"மெலிஞ்சேனா! நான் மெலிஞ்சா ஊர்ப் பேப்பர்ல போடுவானுங்க."

அவள் சிரிக்கவில்லை. மேஜைத் துணியை நீவிவிட்டாள். "அன்னிக்கு நீ கடைக்கு வந்து என்னமோ சொன்ன. எனக்கு மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கல."

"மறந்துடு ஆர்லீன். மெர்ல் ராத்திரி சாப்பிடறதில்ல. இடுப்பு மட்டும்தான் எரிஞ்சுதுன்னு திரும்பத் திரும்பச் சொல்றாரு. யாரும் கேக்காதப்பவும் சொல்றாரு. இன்னொண்ணு எரிஞ்சுதுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் பொழைக்க மாட்டாரு."

"கிர்பி ஜெயிலுக்குப் போவான் பெக்."

"துப்பாக்கி செஞ்சவன்தான? போயிட்டு வரட்டும். சின்ன வயசு." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "எரிஞ்சத மெர்ல் பாக்கல. நீ பாத்த. அதயும் யோசிச்சுக்கோ."

யோசிக்காமலா? கோடை முழுக்க யோசித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் இருந்தேன். தக்காளி போட்டேன், பாதி அழுகியது. பெக்கின் பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்தேன். அவள் எடுக்க வரவில்லை; அது அங்கேயே இருந்தது.

செப்டம்பரில் டீனா கதவைத் தட்டினாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. விளக்கைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு உதவி மிஸஸ் வோஸ்லர். அடுத்த மாசம் கேஸ். கிர்பிய எங்க கொண்டுபோயி வைப்பாங்கன்னு தெரியல. பென்சில்வேனியாவா இருக்கலாம்னு வக்கீல் சொல்றாரு. மாசத்துக்கு ரெண்டு தடவ நான் போய்ப் பாக்கணும். அந்த ரெண்டு நாளும் நாய்க்கு மட்டும் சோறு போடுவீங்களா? ரொம்பக் குலைக்கும். ஆனா கடிக்காது."

"போடறேன்" என்றேன்.

"அதுக்குன்னு ஒரு தட்டு இருக்கு. கிர்பி செஞ்சது. அதுல போட்டாத்தான் திங்கும்." கிளம்பத் திரும்பினாள். "நோரீன் இருந்தா அவகிட்டயே கேட்டிருப்பேன்."

அவள் படியிறங்கித் தெருவைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிர்பியின் வக்கீலுக்குத் தொலைபேசி அடித்தேன். டீனாவிடம் நானாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன் அவரிடம். சொல்லவில்லை. நாலு தடவை அவள் வீட்டு வாசல் வரை போனேன். நாலு தடவையும் நாயைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

வழக்கு தலைநகரில், மத்திய நீதிமன்றத்தில் நடந்தது. அங்கே வாசலில் ஒரு இளைஞன் என்னைக் கைக்கருவியால் அக்குள் வரை தடவினான், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இரண்டு விளக்கு என்று சொன்னேன். பேஸ்மேக்கர் என்று நினைத்ததைச் சொன்னேன். ஜூரியில் ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார். அரசு வக்கீல் எழுந்தார், மெல்லிய மனிதர், நல்ல குரல்.

"ஏழு மாசமா ஞாபகம் வராதது இப்ப வந்துடுச்சா?"

"ஞாபகம் அப்பவே இருந்துச்சு. சொல்லத்தான் இல்ல."

"நீங்க சொல்றது நெஜம்னே வச்சுக்குவோம். ரெண்டாவது விளக்கப் பாத்தீங்க. பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"காபி குடிக்கப் போனேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பெக்கிட்ட சொன்னேன்."

"வாசல்ல இருந்த காவலர்கிட்ட?"

"இல்ல."

பெக்கை அழைத்தார்கள். பைபிளின்மேல் கை வைத்தாள். மெர்ல் மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாபகம் இல்லை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். பெக் நேராகப் பார்த்துச் சொன்னாள்: "ஆமா. சொன்னா. நாங்க சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் வெடிச்சுது." மெர்லின் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனாள்.

ஜூரி நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். குற்றவாளி இல்லை. கிர்பி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மெர்ல் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தார். அடுத்த வாரம் முக்காலியையும் வேலையையும் விட்டார். இப்போது சன்னல் பக்கம்கூட வருவதில்லை என்கிறார்கள். என்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும்; பெக் என்னோடு பேசுவதில்லை.

வாகன நிறுத்தத்தில் என் காருக்குப் பக்கத்தில் டீனா நின்றிருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். வயதானாலும் ஆசை போகாது.

"கிர்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"கடவுள் புண்ணியம்மா."

"உங்க புண்ணியம்தான். சொல்லணும்னு வந்தேன். சொல்லிட்டேன்." கையில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அந்தக் கேமரால நேரம் போட்டிருந்துச்சு, கவனிச்சீங்களா? டாயில் உள்ள வந்தது ஒம்போது பன்னெண்டு. சுட்டது ஒம்போது இருபத்து மூணு."

"கவனிச்சேன்."

"பதினோரு நிமிஷம் மிஸஸ் வோஸ்லர். நோரீன் மேல பெஞ்சுல உக்காந்து எனக்காகக் காத்துட்டிருந்தா. நான் அப்பத்தான் காருக்கு எடம் தேடிச் சுத்திட்டிருந்தேன். நீங்க உள்ள இருந்தீங்க. அந்த மாடிப்படி ஏற எவ்வளவு நேரமாகும்?"

எனக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அது அவளுக்கும் தெரியும்.

"நாய்க்குச் சோறு போட வேணாம்" என்றாள். காரில் ஏறினாள். கிர்பி முன் இருக்கையில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவர்கள் கிளம்பிப் போன பிறகும் நான் என் கார்க் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.